கழித்தல் குறியைக் குப்பையில் போட்டவர்கள்

விழாவுக்குத் தலைமை ஏற்று, பூங்கொத்தை மடியில் வைத்துக்கொண்டு, நான் என்ன பேசப் போகிறேன் என்று அறியாமல் புன்னகை பூத்திருக்கும் மதிப்பிற்குரிய நிர்வாக அதிகாரி அவர்களே! அவருக்கு வலப்பக்கம் வீற்றிருக்கும் மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்களே! போகிற உயிரைப் பிடித்து நிறுத்துவதையே தொழிலாகக் கொண்ட மருத்துவப் பெருமக்களே! காலில் சக்கரம் கட்டிக்கொண்டு ஓடும் செவிலியச் சகோதரிகளே! கூட்டியும் பெருக்கியும் கழுவியும் துடைத்தும் இந்தக் கட்டடத்தைக் கட்டிக் காக்கும் துப்புரவுத் தோழர்களே! பிள்ளைகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றபடியே கேட்கும் தாய்மார்களே! வயதில் மூத்த பெரியோர்களே! அரங்கின் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால், மேடை தெரியாத இடமாகப் பார்த்து உட்கார வைக்கப்பட்டிருக்கும் கணினிப் பதிவுப் பிரிவுப் பெண்களே! உங்கள் அனைவருக்கும், இன்று உள்ளே விடக் கூடாது என்று வெளி வாசலிலேயே நிறுத்தப்பட்டிருக்கும் உங்களில் ஒருத்திக்கும், என் பணிவான வணக்கம்.

பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். தலைப்பையும் கையில் கொடுத்தார்கள். ‘தேடுகருவி தந்த திருப்பம்’ என்பது தலைப்பு. பேச வேண்டியதையும் தட்டச்சு செய்தே தந்தார்கள். இதோ இருக்கிறது. மூன்று லட்சத்துப் பன்னிரண்டாயிரம் அட்டைகளை ஒரே ஆண்டில் கணினியில் ஏற்றிய சாதனை, அதற்காக இன்று நம் மருத்துவமனைக்குக் கிடைத்திருக்கும் கேடயம், அந்தக் கேடயத்துக்குக் காரணமான தலைமை. அருமையான தமிழ். எதுகை இருக்கிறது, மோனை இருக்கிறது, உண்மை மட்டும் இல்லை. ஆகவே இதை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்கிறேன்.

பயப்படாதீர்கள் தலைவர் அவர்களே, பத்து நிமிடத்தைக் கொஞ்சம்தான் தாண்டுவேன்.

நான் யார்? புதிதாக வந்தவர்களுக்குச் சொல்கிறேன். பதிவேட்டு அறையின் பொறுப்பாளன். இருபத்தொன்பது வருடமாக அந்த அறையின் தூசியைத் தின்று இருமிக்கொண்டிருப்பவன். ‘பழைய அட்டைப்பெட்டிகளைக் கட்டிக்கொண்டு அழுகிறான் கிழவன்’ என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அந்த அட்டைகளுக்காக நான் ஒரு சொட்டுக் கண்ணீரும் விடமாட்டேன். எலி கடித்த அட்டை, மழையில் ஊறிய அட்டை, தேநீர்க் கறை படிந்த அட்டை. ஒரு நோயாளியின் பழைய விவரத்தைத் தேடி எடுக்க அரை நாள் போகும். ‘இதோ வருகிறது, இதோ வருகிறது’ என்று மருத்துவருக்குப் பொய் சொல்லிச் சொல்லி எனக்கு நாக்கே தேய்ந்துவிட்டது. கணினி வந்தபோது இந்த மருத்துவமனையில் என்னைவிட மகிழ்ந்தவர் எவரும் இல்லை. இன்றைக்கும் சொல்கிறேன், கணினி வேண்டும். கருவி வேண்டும். வேண்டாதது எது என்பதைச் சொல்லத்தான் இங்கே நிற்கிறேன்.

கருவி எப்படித் தேடுகிறது என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? கை தூக்குங்கள் பார்ப்போம். ஒரு கை. இரண்டு. அந்தக் கை கொசுவை அடிக்கத் தூக்கிய கை, அதைச் சேர்க்கவில்லை. சிரியுங்கள், பரவாயில்லை. இரண்டு மாதத்துக்கு முன்பு கேட்டிருந்தால் நானும் கை தூக்கியிருக்க மாட்டேன்.

இந்தக் கருவியைச் செய்து கொடுத்த நிறுவனத்தின் பொறியாளர் அம்மையார் எனக்குச் சொன்னதைச் சொல்கிறேன். நாம் கேட்கும் ஒவ்வொரு தடவையும் அது மூன்று லட்சம் பதிவையும் புரட்டிப் பார்ப்பதில்லை. தடித்த புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில், எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று ஒரு பட்டியல் இருக்கும் அல்லவா? அப்படி ஒரு சொல்லடைவை முன்கூட்டியே செய்து வைத்துக்கொள்கிறது. அதைச் செய்ய, எழுதியிருப்பதை வெட்ட வேண்டும். இடைவெளி கண்ட இடமெல்லாம் வெட்டு! வெட்டிய துண்டில் எழுத்தும் எண்ணும் தவிர வேறு என்ன ஒட்டிக்கொண்டிருந்தாலும் சுரண்டி எடு! புள்ளியா, எடு. கோடா, எடு. நட்சத்திரமா, அடைப்பா, கூட்டலா, கழித்தலா, எல்லாவற்றையும் எடு! அவற்றுக்குச் ‘சிறப்புக் குறிகள்’ என்று பெயர். பெயரில்தான் சிறப்பு, போய்ச் சேரும் இடம் குப்பைத் தொட்டி. சுரண்டிய பிறகு ஒற்றை எழுத்தாய் மிஞ்சி நிற்கும் துண்டு எதுவோ, அது சொல்லே ஆகாது என்று அதையும் தூக்கி எறி! எஞ்சியதை வரிசையாய் அடுக்கு. நாம் தேடக் கொடுக்கும் சொல்லையும் இதே கத்தியால் இதே மாதிரி வெட்டித்தான் அந்த அடுக்கில் தேடுகிறது.

ஒன்றை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். நம் எழுத்தின் மேல் உள்ள புள்ளியையும், பக்கத்தில் நிற்கும் காலையும், கொம்பையும் குறி என்று நினைத்துக் கருவி சுரண்டிவிடக் கூடாது என்று அந்த அம்மையார் தனியாக ஒரு விதி எழுதி வைத்திருந்தார். எழுத்தைக் காப்பாற்றினார்கள். ரத்தத்தைக் கைவிட்டார்கள்.

‘ரத்தம் எங்கே வந்தது?’ என்றுதானே நடுவரிசையில் கேட்கிறீர்கள்? வருகிறேன் ஐயா, அங்கேதான் வருகிறேன்.

ரத்தக் கொடையாளர் பதிவேடும் எங்கள் அறையில்தான் இருக்கிறது. நாலாயிரத்து எண்ணூறு பேர். ‘கூப்பிட்டால் வந்து ரத்தம் தருவேன்’ என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர்கள். ஒவ்வொருவருடைய அட்டையிலும் ரத்த வகையை எப்படிக் குறிப்போம்? நெகட்டிவ் என்று நீட்டி எழுத அந்தக் கட்டத்தில் இடம் கிடையாது. எழுத்தைப் போட்டு, பக்கத்தில் கூட்டல் குறி அல்லது கழித்தல் குறி. ‘ஓ’ போட்டுப் பக்கத்தில் ஒரு சின்னக் கோடு. அவ்வளவுதான் ஓ நெகட்டிவ். அரை விரற்கடை அகலம்கூட இல்லாத கோடு. நூறு பேரில் இரண்டு பேருக்குக்கூட வாய்க்காத ரத்தம் அந்தக் கோட்டில் இருக்கிறது.

இப்போது அந்தக் கோட்டைச் சுரண்டுங்கள். என்ன மிச்சம்? ‘ஓ’. ஒற்றை எழுத்து. ஒற்றை எழுத்து சொல் ஆகாது, எறியுங்கள். இப்போது என்ன மிச்சம்? சொல்லுங்கள்! உரக்கச் சொல்லுங்கள்! ஆம், ஒன்றுமில்லை! தேடுகிறவர் ‘ஓ’ போட்டுக் கழித்தல் குறி போட்டால் அவர் கேள்வியும் அதே கத்தியில் வெட்டுப்பட்டு ஒன்றுமில்லாமல் போகும். ஒன்றுமில்லாத கேள்விக்கு ஒன்றுமில்லாத பதில். ‘நீங்கள் கேட்டது எனக்குப் புரியவில்லை’ என்றாவது அது சொல்லக் கூடாதா? சொல்லாது. ‘எவரும் இல்லை’ என்று சொல்லும். அடித்துச் சொல்லும். திரையில், பெரிய எழுத்தில் சொல்லும்.

இரண்டு மாதத்துக்கு முன்பு, ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணி. தையல் வேலை செய்யும் பெண் ஒருத்தி, வயது இருபத்தாறு, பிரசவத்துக்கு வந்தாள். இதற்கு முன் ஒரு கரு தங்காமல் கலைந்து, நாலு வருடம் காத்திருந்து வந்த பிள்ளை. பிள்ளை நன்றாகப் பிறந்தது. ரத்தம் நிற்கவில்லை. அவளுக்கு ஓ நெகட்டிவ். கலைந்த கருவின்போதே அவள் உடம்பு மாற்று ரத்தத்தை எதிர்க்கப் பழகிவிட்டது, ஆகவே வேறு வகை ரத்தம் ஏற்றவே முடியாது என்றார்கள் மருத்துவர்கள். குளிர்பெட்டியில் இருந்தது இரண்டே பை. இருபத்தைந்து நிமிடத்தில் இரண்டும் தீர்ந்தன. ரத்த வங்கியில் இருந்த பெண் கணினியில் தேடினாள். ‘எவரும் இல்லை.’ மறுபடி தேடினாள். ‘எவரும் இல்லை.’ உடனே பதிவேட்டு அறைக்குத் தொலைபேசி செய்தாள்.

“அண்ணே, ஓ நெகட்டிவ் ஒருத்தர்கூட இல்லைன்னு வருதுண்ணே. நாலாயிரம் பேர்ல ஒருத்தர்கூடவா இல்லாம இருப்பாங்க? எனக்கென்னமோ சந்தேகமா இருக்கு.”

தொலைபேசியை எடுத்தவர் என்ன சொன்னார் தெரியுமா? “கம்ப்யூட்டர் சொன்னா சரியாத்தாம்மா இருக்கும். அதுக்கென்ன நம்மள மாதிரி மறதியா?” என்றார். எடுத்தவன் நான். அந்த வாய் இதோ இந்த வாய்தான்.

வெளியூர் மருத்துவமனையிலிருந்து ரத்தம் வந்து சேர மூன்று மணி நேரமும் பத்து நிமிடமும் ஆயிற்று. அதற்குள் அவள் உயிரைக் காப்பாற்ற மருத்துவர்களுக்கு ஒரே வழிதான் இருந்தது. கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். மருத்துவர்களைக் குறை சொல்லாதீர்கள். அன்றைக்கு அறுவை அறையில் நின்ற எல்லோரையும் நான் கைகூப்பித் தொழுகிறேன். தாய் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது. இன்னொரு பிள்ளை அவளுக்கு இனி இல்லை.

எட்டு நாள் கழித்து அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். மடியில் பிள்ளை, சக்கர நாற்காலி, கூட அவள் அக்கா. நான்காவது மாடியிலிருந்து லிஃப்டில் இறங்குகிறார்கள். நம் லிஃப்ட் ஓட்டுநரை உங்களுக்கெல்லாம் தெரியும். வாயைத் திறந்தால் மூடமாட்டார். இதோ, இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். கைதட்டாதீர்கள், அவரே தலை குனிந்துதான் இருக்கிறார். அன்றைக்கு அவர் கேட்டிருக்கிறார்:

“என்ன தாயி, சுகமா? அன்னைக்கு உன்ன மேல கூட்டிட்டுப் போனது நான்தான். ஸ்ட்ரெச்சர் முட்டிக்கிட்டு உள்ள நுழையமாட்டேன்னுச்சு, ஞாபகம் இருக்கா? இப்ப எல்லாம் சரியாப் போச்சா?”

பதில் சொன்னது அக்கா. “எங்கண்ணே சரியாப் போச்சு? ரத்தம் கிடைக்காம வயித்தையே அறுத்து எடுத்துட்டாங்க. ஏதோ ஓ நெகட்டிவாம். ஊரு பூராத் தேடியும் ஒரு ஆளு இல்லையாம்.”

லிஃப்ட் இரண்டாவது மாடியில் நின்றது. அவர் பொத்தானை அழுத்தவே இல்லையாம். “ஓ நெகட்டிவா? எனக்கும் அதானே! ஏழு தடவை குடுத்திருக்கேனே! என் பேரு லிஸ்ட்ல இருக்கே! அன்னைக்குப் பூரா இந்தப் பொட்டிக்குள்ளதானே மேலயும் கீழயும் போய்க்கிட்டு இருந்தேன். யாரும்மா என்னைக் கூப்பிட்டா?”

அப்போதுதான் அந்தத் தையற்காரப் பெண் முதல் தடவையாக வாயைத் திறந்தாளாம். “அப்ப நீங்க என் பக்கத்துலயேதான் நின்னீங்களா?”

கண்ணைத் துடைக்காதீர்கள்! கோபப்படுங்கள்! அவள் படுத்திருந்த படுக்கைக்கும் அவர் உடம்பில் ஓடிய ரத்தத்துக்கும் நடுவே இருந்தது எத்தனை தூரம்? அறுபத்தெட்டுப் படி! மலை மறித்ததா? வெள்ளம் மறித்ததா? அந்த மனிதர் மறுத்தாரா? இல்லையே! அரை விரற்கடைக் கோடு ஒன்றைச் சுரண்டி எறிந்தோம், அது மறித்தது.

லிஃப்ட் ஓட்டுநர் அவர்களைக் கீழே இறக்கிவிட்டுவிட்டு நேராக எங்கள் அறைக்கு வந்தார். வந்தவர் பேசவில்லை, கத்தினார். “என் பேரை எதுக்குய்யா எழுதி வச்சிருக்கீங்க? அழகு பாக்கவா?” நான் கணினியில் அவருடைய ரத்த வகையை அடித்தேன். ‘எவரும் இல்லை.’ அவருடைய பெயரை அடித்தேன். வந்தார்! முகவரியோடு வந்தார், ஓ போட்டுக் கோடு போட்டு, பிசகாமல் வந்தார். கீழ்த்தளத்தில் மூட்டை கட்டிப் போட்டிருந்த பழைய அட்டைகளை அவிழ்த்து, நானும் அவருமாகத் தரையில் உட்கார்ந்து எண்ணினோம். ஓ நெகட்டிவ் எத்தனை பேர் தெரியுமா? முப்பத்தொன்பது பேர். முப்பத்தொன்பது பேர் வாக்குக் கொடுத்துவிட்டு வீட்டில் காத்திருக்க, ஒரு பெண்ணிடம் ‘எவரும் இல்லை’ என்று சொல்லியிருக்கிறோம்.

‘கருவி ஓடத் தொடங்கி ஏழு மாதம் யாருக்கும் தெரியாமலா இருந்தது?’ என்று கேட்கிறார் அந்த மருந்தாளுநர். நல்ல கேள்வி. சாதாரண வகை ரத்தம் எப்போதும் குளிர்பெட்டியில் இருக்கும், அதற்காக எவரும் பதிவேட்டைத் தேடுவதில்லை. அரிய வகைக்குத்தான் தேடுவோம். அதுவும் எப்போதோ ஒரு நாள்.

‘சோதித்துப் பார்க்கவில்லையா?’ பார்த்தோமே! எப்படிப் பார்த்தோம் என்று கேளுங்கள், வெட்கக்கேடு. இதே மேடையில் தொடக்க விழா. இதே விளக்கு, இதே நாற்காலி. ‘இருப்பதிலேயே அரிதான வகையைத் தேடிக் காட்டுங்கள்’ என்றார் தலைவர். ஏபி நெகட்டிவைத் தேடினார்கள். ஏ, பி என்று இரண்டு எழுத்து இருந்ததால் அது பிழைத்துக்கொண்டது. திரையில் வரிவரியாய்ப் பெயர்கள் கொட்டின. நாம் என்ன செய்தோம்? கைதட்டினோம்! வந்த பெயர்களில் ஒன்றையாவது படித்தோமா? படித்திருந்தால் கூட்டலும் கழித்தலும் கலந்தே வந்திருப்பது தெரிந்திருக்கும். கழித்தலைக் கேட்டவனுக்குக் கூட்டலையும் கொடுக்கும் கருவியைப் பார்த்துக் கை வலிக்க வலிக்கத் தட்டினோம். ‘பத்து நாள் அவகாசம் கொடுங்கள், ஒவ்வொரு வகையாகச் சோதித்துத் தருகிறோம்’ என்று பொறியாளர் அம்மையார் எழுத்து மூலம் கேட்டிருந்தார். பத்து நாள் கொடுத்தால் கேடயத்துக்கு விண்ணப்பிக்கும் தேதி போய்விடும் என்று மறுத்துவிட்டார்கள். பட்டுத்துணி போர்த்தி வைத்திருக்கிறார்களே, அந்தக் கேடயத்துக்குத்தான்.

யாரங்கே மைக்கை அணைக்கச் சொல்லிச் சைகை காட்டுவது? தாராளமாக அணைக்கட்டும். இருபத்தொன்பது வருடம் அலமாரிக்கு அந்தப் பக்கம் நிற்பவர்களோடு கத்திக் கத்திப் பேசிய தொண்டை இது. மைக் இருந்தால் உங்கள் காதுக்கு நல்லது, அவ்வளவுதான். என்ன, பேச விடச் சொல்கிறீர்களா? நன்றி தாய்மார்களே, நன்றி.

சரி, தவறு நடந்துவிட்டது. தவறு நடந்த இடத்தில் என்ன செய்ய வேண்டும்? விதியைத் திருத்த வேண்டும். அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்ல வேண்டும். நிர்வாகம் என்ன செய்தது? பழியைச் சுமக்க ஒரு தலை தேடியது. இந்தத் தேடலுக்கு மட்டும் விடை உடனே கிடைத்துவிட்டது!

கணினிப் பதிவுப் பிரிவில் ஒரு பெண். அவள் விரல் ஓடும் வேகத்தைப் பார்த்து எல்லோரும் ‘மின்னல்’ என்று கூப்பிடுவோம். கொடையாளர் பதிவேடு முழுவதையும் ஏற்றியவள் அவள்தான். நாலாயிரத்து எண்ணூறு அட்டையில் ஓர் அட்டையில்கூடப் பிழை இல்லை, உட்கார்ந்து சரிபார்த்துவிட்டேன். வீட்டில் கைக்குழந்தை, படுத்த படுக்கையாய் மாமியார். அவளைப் பணியிடை நீக்கம் செய்திருக்கிறார்கள். காரணம் என்ன எழுதியிருக்கிறார்கள் தெரியுமா? ‘நெகட்டிவ் என்று எழுத்தால் எழுதாமல், கவனக்குறைவாகக் குறியிட்டதால்.’

கவனக்குறைவா? யாருக்குக் கவனக்குறைவு? அவள் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் உங்கள் சுற்றறிக்கை இருக்கிறதே, அதில் என்ன எழுதியிருக்கிறது? ‘அட்டையில் உள்ளதை உள்ளபடியே ஏற்ற வேண்டும். ஒரு புள்ளி கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.’ உள்ளதை உள்ளபடி ஏற்றினாள். கூட்டவில்லை, குறைக்கவில்லை. குறைத்தது கருவி. குறைக்கச் சொன்னது விதி. விதி எழுதச் சொன்னது யார்? சொன்னபடி செய்தவளை வாசலில் நிறுத்திவிட்டு, சொன்னவர்கள் மேடையில் உட்கார்ந்திருப்பதற்கு என்ன பெயர்? நீதி என்று பெயரா? நிர்வாகம் என்று பெயரா? என் வாயில் வேறு ஒரு பெயர் வருகிறது, தாய்மார்கள் இருப்பதால் விழுங்கிவிட்டேன்.

நான் போன வாரம் மின்னலைப் பார்க்கப் போனேன். “சார், ‘தப்பு பண்ணிட்டேன், மன்னிச்சிருங்க’ன்னு ஒரு வரி எழுதிக் குடுத்தா திரும்ப எடுத்துக்குவாங்களாம்,” என்றாள். “எழுதிக் குடுத்துடவா? வீட்டுல எல்லாரும் எழுதுன்னுதான் சொல்றாங்க. ஆனா எழுதினா அந்தம்மா வயித்த நான்தான் அறுத்தேன்னு ஆயிடாதா சார்?” என்று கேட்டாள். எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அதற்கு மேல் அவள் முகத்தைப் பார்த்து உட்கார எனக்கு யோக்கியதை இல்லை. ஏன் இல்லை என்று இப்போது சொல்கிறேன்.

விதி எழுதச் சொன்னது யார் என்று கேட்டேன் அல்லவா? எல்லோரும் தலைவரைப் பார்க்கிறீர்கள். அவரைப் பார்க்காதீர்கள். என்னைப் பாருங்கள்.

கருவியைச் செய்யத் தொடங்கும் முன்பே அந்தப் பொறியாளர் அம்மையார் பதிவேட்டு அறைப் பொறுப்பாளருக்கு ஒரு கடிதம் எழுதினார். ‘உங்கள் அட்டைகளில் பலவகைக் குறிகள் காணப்படுகின்றன. அவற்றுள் பொருள் உடையவை எவை, நீக்கத் தக்கவை எவை என்று பட்டியல் தருக.’ இவ்வளவுதான் கேள்வி. பத்து நிமிட வேலை. ஓர் அட்டையை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்திருந்தால் போதும். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? எங்கள் அட்டைகளில் இருபத்தொன்பது வருடக் கிறுக்கல், அவரவர் இஷ்டத்துக்குப் போட்ட புள்ளி, கோடு, நட்சத்திரம். வெளியார் ஒருவர் அதைப் பார்த்துவிட்டாரே என்று எனக்கு மானம் போயிற்று. குறிகளைப் பற்றி யோசிக்கவில்லை. என் கௌரவத்தைப் பற்றி யோசித்தேன். ஒரே வரியில் பதில் எழுதினேன். படிக்கிறேன், கேளுங்கள்: ‘பொருள் உடையவை எதுவும் இல்லை. எல்லாவற்றையும் நீக்கிவிடலாம்.’ கீழே கையெழுத்து. முத்திரை. தேதி. கையெழுத்து என்னுடையது.

கூச்சல் போடுங்கள். ‘இத்தனை நேரம் யோக்கியன் மாதிரிப் பேசினாயே’ என்று கேட்கிறீர்களா? கேளுங்கள் அம்மா, உங்களுக்கு அந்த உரிமை இருக்கிறது. இத்தனை நேரம் நான் கொட்டிய கோபத்தில் பாதி எனக்குச் சேர வேண்டியது. மீதிப் பாதி யாருக்கு என்று சொல்கிறேன்.

அந்தப் பெண்ணுக்கு அப்படி ஆன பிறகு, பழைய கோப்பில் என்னுடைய இந்தப் பதில் கடிதம் கிடைத்ததும் அதை நிர்வாக அதிகாரியின் அறைக்குக் கொண்டு போனேன். அவர் படித்தார். இரண்டு தடவை படித்தார். பிறகு மேஜை மேல் கவிழ்த்து வைத்துவிட்டு, “உங்களுக்கு இன்னும் எட்டு மாசம்தானே சர்வீஸ்? நிம்மதியா வீட்டுக்குப் போங்க. நான் இதைப் பார்க்கல. நீங்களும் பார்க்கல,” என்றார். நான் என்ன செய்தேன்? தலையை ஆட்டிவிட்டு, கடிதத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். ஆமாம், ஆட்டினேன்! பதினாறு நாள் ஆட்டிய தலையோடு திரிந்தேன்.

பிறகு மனசு கேட்காமல் அந்தத் தையற்காரப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். ஒற்றை அறை. தையல் இயந்திரத்தின் பலகை மேல் பிள்ளைத் துணி காய்ந்துகொண்டிருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். கோட்டைச் சொன்னேன், கடிதத்தைச் சொன்னேன், தொலைபேசியில் நான் சொன்ன பதிலையும் சொன்னேன். மன்னித்துவிடம்மா என்று கைகூப்பினேன். அவள் அழவில்லை. பிள்ளையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

“எங்கிட்ட எதுக்கு வந்து சொல்றீங்க?” என்றாள். “நான் மன்னிச்சுட்டா நீங்க போய் நல்லாத் தூங்குவீங்க. அதுக்கா வந்தீங்க? உங்க ஆஸ்பத்திரி லிஸ்ட்டு இன்னும் அப்படியேதானே இருக்கு? நாளைக்கு இன்னொருத்தி வந்து படுப்பா. எங்க சொல்லணுமோ அங்க போய்ச் சொல்லுங்க. எல்லார் முன்னாலயும் சொல்லுங்க.”

அவள் சொன்னது முழு உண்மை. இன்று காலை வரை அந்த விதி அப்படியே இருக்கிறது. திருத்தினால் தவறை ஒப்புக்கொண்டது போல் ஆகிவிடுமாம், விசாரணை முடியட்டும் என்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஏ நெகட்டிவ், பி நெகட்டிவ், ஓ நெகட்டிவ், எதைத் தேடினாலும் இந்த நிமிடம்கூட ‘எவரும் இல்லை’ என்றுதான் வரும். இந்த அரங்கில் கர்ப்பிணிகள் இருக்கிறீர்கள். உங்கள் ரத்தம் எந்த வகை என்று தெரியுமா? ஒரு மனிதரின் மானம் கெடாமல் இருக்க உங்கள் உயிரை அடகு வைத்திருக்கிறார்கள்! பொறுத்துக்கொள்வீர்களா? கேட்கவில்லை, இன்னும் உரக்க! பொறுத்துக்கொள்வீர்களா?

அந்தச் சத்தம் போதும். இனி நான் செய்ய வேண்டியதை நான் செய்கிறேன்.

தலைவர் அவர்களே, எழுந்திருக்க வேண்டாம், நானே உங்களிடம் வருகிறேன். இதோ, என் கையெழுத்துப் போட்ட கடிதம். நாளைக் காலை பத்து மணி விசாரணையில் மின்னலுக்குப் போட்டிருக்கும் நாற்காலியில் நான் உட்காருகிறேன். என் எட்டு மாதத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள், வேண்டுமானால் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். அவளை இன்றைக்கே உள்ளே விடுங்கள். விதியை இன்றைக்கே திருத்துங்கள், அந்த அம்மையார் இரண்டு மணி நேர வேலைதான் என்கிறார். பிடியுங்கள் ஐயா. கையை நீட்டுங்கள். நானூறு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

வாங்கிக்கொண்டார். பார்த்துக்கொள்ளுங்கள் அவையோரே, வாங்கிக்கொண்டார். ஐயா, இப்போது நீங்கள் இதைப் பார்த்துவிட்டீர்கள். நானும் பார்த்துவிட்டேன்.

பொறுமையோடு கேட்டவர்களுக்கு என் நன்றி. பொறுமை இழந்து எழுந்து நின்றவர்களுக்கு அதைவிடப் பெரிய நன்றி. உட்காராதீர்கள். வணக்கம்.